மர்ஹூம் யூசுப் பின் இஸ்ஹாக் அவர்கள்: சிறு பங்குகளால் எழுந்த ஒரு பத்திரிகையின் கதை

ஜொகூருக்குச் சரக்கு அனுப்பும் நமது வியாபாரிகளுக்குக் கிராஞ்சி புதிய இடமல்ல. உட்லண்ட்ஸ் சாலை வழியாகக் கடற்பாலத்தை நோக்கிப் போகும் லாரிகள் அந்த மேட்டை ஒட்டித்தான் போகின்றன. மேட்டின்மேல் இருப்பது யுத்தத்தில் மாண்ட போர்வீரர்களின் மயானம். நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். உடல் கிடைக்காதவர்கள் 24,000-க்கும் அதிகம். அவர்களுடைய பெயர்களைச் சுவர்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கு அடுத்தாற்போல் அரசாங்க மையவாடி ஒன்றும் இருக்கிறது. அங்கே அடக்கமானவர்கள் மிகச் சிலரே. அவர்களில் ஒருவர்தான் சிங்கப்பூர்க் குடியரசின் முதல் அதிபர் மர்ஹூம் யூசுப் பின் இஸ்ஹாக் அவர்கள்.

அங்கே போய்ப் பார்த்தவர்கள் நம்மில் சிலரே இருப்பார்கள். ஆனால் அவர்கள் முகத்தைக் காணாமல் நம்மில் எவருக்கும் ஒரு நாளும் கழிவதில்லை. நாணய மாற்றுத் தொழில் செய்யும் நம் அங்கத்தினர்களின் விரல்களுக்கிடையே காலை முதல் இரவு வரை புரளுவது அந்த முகம்தான். மளிகைக் கடையின் கல்லாப்பெட்டியிலும், ஜவுளிக் கடையின் மேஜை அறையிலும், சாப்பாட்டுக் கடையின் தகர டப்பாவிலும் இருப்பது அதே முகம். 1999 செப்டம்பரில் வெளிவந்த நோட்டு வரிசையில் 2 வெள்ளி முதல் 10,000 வெள்ளி வரை எல்லா நோட்டுகளிலும் அவர்கள் உருவத்தையே பொறித்தார்கள். 10,000 வெள்ளி நோட்டு வெளியிடுவதை 2014-லும், 1,000 வெள்ளி நோட்டு வெளியிடுவதை 2021-லும் நிறுத்திவிட்டார்கள். மற்றவை நம் கைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நோட்டில் இருப்பவர் யார் என்று கேட்டால், முதல் அதிபர் என்று நம் வீட்டுப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அதிபராவதற்கு முன்பு அவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்று கேட்டால் பெரியவர்களும் சற்றே யோசிக்கத்தான் செய்வார்கள். அவர்கள் நம்மைப் போலவே ஒரு கம்பெனி நடத்தியவர்கள். பங்கு சேர்த்து, யந்திரம் வாங்கி, ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து, 20 ஆண்டுகள் ஒரு தொழிலைக் கட்டிக் காத்து, முடிவில் அதைக் கைவிட்டு வெளியேறியவர்கள். பதவிக் கதையைப் பள்ளிக்கூடப் புத்தகங்கள் எழுதியிருக்கின்றன. நாம் இங்கே சொல்ல விரும்புவது பெரும்பாலும் அந்தத் தொழிலின் கதை.

அவர்கள் 1910 ஆகஸ்டு 12-ல் பேராக் ராஜ்யத்தில் தைப்பிங்கை அடுத்த பாடாங் காஜா என்ற சிற்றூரில் பிறந்தார்கள். மினாங்கபாவ் வமிசம். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். தகப்பனார் இஸ்ஹாக் பின் அஹ்மது அவர்கள் மீன்துறை இலாகா உத்தியோகஸ்தர். அந்தக் காலத்தில் மாதச் சம்பள உத்தியோகம் என்றால் என்ன மதிப்பு என்பதை நம் முன்னோர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆளும் பதவிகள் வெள்ளைக்காரர்களுக்கு. அதற்குக் கீழே குமாஸ்தா வேலையும் சிறு அதிகாரி வேலையும் மற்றவர்களுக்கு. அந்தக் கீழ்ப்படியில் கால் வைப்பதற்கே இங்கிலீஷ் படிப்பு வேண்டும். படித்தவன் வீட்டுப் பிள்ளைக்கே அந்தப் படிப்பும் எளிதில் கிடைத்தது. யூசுப் அவர்களுக்கு அது கிடைத்தது. முதலில் மலாய்ப் பள்ளிக்கூடம், பிறகு தைப்பிங் ஏழாம் எட்வர்டு பள்ளி. 1923-ல் தகப்பனாருக்குச் சிங்கப்பூருக்கு மாற்றலாயிற்று. ஜொகூர்க் கடற்பாலத்தின்மீது ரயில் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

இங்கே விக்டோரியா பிரிட்ஜ் பள்ளி, அதன் பின் ராபிள்ஸ் இன்ஸ்டிடியூஷன். 1927-ல் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் சிறப்பாகத் தேறி, குவீன்ஸ் ஸ்காலர்ஷிப்புக்குப் படிக்கும் வகுப்பில் சேர்ந்தார்கள். அந்த உபகாரச் சம்பளம் கிடைத்தால் பிரிட்டனுக்குப் போகலாம். வக்கீலாகவோ டாக்டராகவோ திரும்பலாம். அதைப் பெறுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். யூசுப் அவர்களுக்கு அது வாய்க்கவில்லை. பளு தூக்குதல், குத்துச்சண்டை, ஹாக்கி, நீச்சல் என்று விளையாட்டுகளில் அவர்கள் வாங்கிய கோப்பைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1933-ல் பளு தூக்குதலில் தம் எடைப் பிரிவின் வீரராக வந்தார்கள் என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே செல்கிறோம்.

படிப்பு முடிந்து வெளியே வந்த ஆண்டு 1929. அந்த ஆண்டை வியாபாரிகளுக்கு விளக்கத் தேவையில்லை. அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. ரப்பர் விலையும் ஈய விலையும் அதனோடு சரிந்தன. மலாயாவின் வாழ்வே அந்த இரண்டு சரக்குகளில் இருந்தது. தோட்டங்களில் வேலையிழந்த நம் தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிய காலம் அது. அரசாங்க இலாகாக்களிலும் ஆட்குறைப்பு நடந்தது. இங்கிலீஷ் படித்துவிட்டால் ஒரு நாற்காலி காத்திருக்கும் என்று எண்ணிய நடுத்தர வீட்டுப் பிள்ளைகள் முதன்முதலாக அந்த நாற்காலி இல்லாமல் நின்றார்கள். சரக்குக்குத் தடையில்லாத திறந்த துறைமுகம் என்று 1819 முதல் பேர் வாங்கிய ஊர் இது. உலகத்தின் நல்ல விலை எந்த வழியாக வந்ததோ, கெட்ட விலையும் அந்த வழியாகவே வந்து சேர்ந்தது.

நாற்காலி தேடி அலையாமல், யூசுப் அவர்கள் இரு நண்பர்களோடு கைப்பணம் போட்டு விளையாட்டுச் செய்திகளுக்காக மாதம் இருமுறைப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார்கள். அது சிறு முயற்சிதான். ஆனால் காகித விலை, அச்சுக்கூலி, விளம்பரப் பணம் ஆகிய மூன்றையும் தம் சொந்தப் பணத்தில் கற்றுக்கொள்ள அது உதவியிருக்க வேண்டும். 1932-ல் வார்த்தா மலாயா என்ற மலாய்த் தினசரியில் சேர்ந்தார்கள். அங்கே எழுத்து வேலையோடு நிர்வாக வேலையையும் பார்த்துப் பொறுப்பான இடத்துக்கு உயர்ந்தார்கள். அந்தப் பத்திரிகையின் பின்னால் இருந்த மூலதனம் அல்சகாப் என்ற அரபுக் குடும்பத்தாருடையது.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று, நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

மலாய் மொழியில் சிங்கப்பூரில் வெளிவந்த முதல் பத்திரிகை 1876-ல் தோன்றியது. அதன் பெயர் ஜாவி பெரானாக்கான். மலாய்த் தாய்க்கும் இந்திய முஸ்லிம் தகப்பனுக்கும் பிறந்து இங்கேயே வேரூன்றிய வமிசத்தாருக்கு அந்நாளில் வழங்கிய பெயர் அது. அவர்களில் பலருடைய பாட்டன்மார் நாகூரிலிருந்தும் மற்றச் சோழமண்டலத் துறைகளிலிருந்தும் வந்த மரக்காயர்களும் மற்ற நம்மவர்களுமே. 1887-ல் மகுதூம் சாயபு அவர்கள் சிங்கை நேசன் என்ற தமிழ் வாரப் பத்திரிகையை இதே ஊரில் தொடங்கினார்கள். ஆக, கப்பலும் கடையும் நடத்திய நம் முன்னோர்களுக்கு அச்சுக்கூடமும் அந்நியமான தொழிலாக இருக்கவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது நம் வழக்கம்.

அதே விஷயத்தை மலாய்க்காரர்களின் பக்கத்தில் நின்று பார்த்தால் வேறு விதமாகத் தெரியும். திறந்த துறைமுகத்தில் யாரும் கடை வைக்கலாம், யாரும் சரக்கு இறக்கலாம். சட்டத்தில் தடை ஏதும் இல்லை. ஆனால் கடை வைக்க முதல் வேண்டும். முதலோடு வந்தவர்களும், ஊரில் முதல் திரட்டித் தர உறவினர் உள்ளவர்களும் கடை வைத்தார்கள். மலாய்க்காரர்களில் பெரும்பாலோர் காவல்காரராகவும், காரோட்டியாகவும், பியூனாகவும், மீன் பிடிப்பவராகவும் வாழ்ந்தார்கள். துணி வாங்க அரபுத் தெருவுக்குப் போனால் கடைக்காரர் நம்மவரோ அரபியரோ. படிக்கப் பத்திரிகை வாங்கினால் அதற்கு முதலாளியும் வேற்றினத்தாரே. மார்க்கம் ஒன்றுதான், பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறோம். ஆனால் நமக்காகப் பேசுகிறவர்கள் நம் இனத்தார் அல்லவே என்ற எண்ணம் அவர்களிடம் வளர்ந்தது. புகழ்பெற்ற எழுத்தாளரான அப்துல் ரஹீம் காஜாய் அவர்கள் தம் கதைகளில் அரபு வமிசத்தாருக்கும் இந்திய வமிசத்தாருக்கும் சுருக்கப் பெயர்கள் வைத்தே கேலி செய்தார்கள். அந்தக் கேலி நமக்கும் கொஞ்சம் சுடத்தான் செய்கிறது. அதில் உண்மையே இல்லை என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

இந்த மனக்குறையிலிருந்து பிறந்ததுதான் உத்துசான் மலாயு. மலாய்க்காரர்களின் பணத்தில், மலாய்க்காரர்களின் நிர்வாகத்தில், மலாய்க்காரர்களே எழுதும் தினசரி ஒன்று வேண்டும் என்று சிங்கப்பூர் மலாய்ப் பிரமுகர்கள் சிலர் முடிவு செய்தார்கள். யூசுப் அவர்கள் வார்த்தா மலாயாவை விட்டு வந்து அதில் முழுமூச்சாக இறங்கினார்கள். பணம் எங்கே? பெரிய தனவந்தர்கள் அச்சமூகத்தில் அரிது. ஒரு கனவானிடம் கைநீட்டினால் பத்திரிகை அவருடையதாகிவிடும்; பிறகு வார்த்தா மலாயாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஆகவே கம்பெனியைப் பதிவு செய்து, பங்குகளைச் சாதாரண மக்களிடம் விற்பது என்று தீர்மானித்தார்கள். டாக்சி ஓட்டுபவர்களும், தெருவில் பலகாரம் விற்பவர்களும், கிராமத்து விவசாயிகளும் அதில் பணம் போட்டார்கள். சிங்கப்பூரில் மட்டுமல்ல, மலாயாவின் பல ஊர்களிலிருந்தும் பணம் வந்தது.

இதன் அருமை நம் வாசகர்களுக்குத் தெரியும். நம் வழக்கத்திலும் கூட்டு வியாபாரம் உண்டு. ஒரே ஊரைச் சேர்ந்த நாலு பேர் பணம் போட்டு, ஒருவர் கடையில் உட்கார்ந்து, வருஷக் கடைசியில் ஐந்தொகை எடுத்துப் பிரித்துக்கொள்வோம். ஆனால் அதில் பங்காளிகள் மைத்துனர், சகலர், அண்டை வீட்டார். முகம் தெரியாத ஒரு டாக்சிக்காரர் தம் சம்பாத்தியத்தில் மிச்சப்படுத்தியதை முகம் தெரியாத ஓர் இளைஞரிடம் கொடுப்பது அத்தகைய காரியமல்ல. அதுவும் பத்திரிகையில்! அரிசி மூட்டை வாங்கிப் போட்டால் விலை இறங்கினாலும் அரிசி இருக்கும். இன்று விற்காத பத்திரிகை நாளைக்குப் பொட்டலம் கட்டத்தான் உதவும். காகிதத்துக்கும் மைக்கும் முன்கூட்டியே பணம் கொடுக்க வேண்டும். ஏஜெண்டுகளிடமிருந்து பணம் மாதக்கணக்கில் பின்னால்தான் வரும். அந்த இடைவெளியில் எத்தனையோ பத்திரிகைகள் மூழ்கியிருக்கின்றன. மலாயாவில் ஒரு வருஷம் தாக்குப் பிடிக்காத பத்திரிகைகளின் பட்டியல் நீளமானது, தமிழிலும் அப்படித்தான்.

1939 மே 29-ல் முதல் இதழ் வெளிவந்தது. நிர்வாகம் யூசுப் அவர்களுடையது. ஆசிரியர் பொறுப்பு காஜாய் அவர்களுடையது. எழுத்து ஜாவி, அதாவது அரபு லிபியில் எழுதும் மலாய். அரபுத் தமிழில் கிதாபுகள் ஓதி வளர்ந்த நம் வீடுகளுக்கு அது எட்டாத எழுத்தல்ல. அவ்வாண்டு நவம்பரில் உத்துசான் ஜமான் என்ற வாரப் பதிப்பும், 1941-ல் மஸ்திகா என்ற மாத இதழும் சேர்ந்தன. இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு யந்திரத்திலிருந்து மூன்று சரக்குகள்! யந்திரமும் ஆளும் சும்மா நிற்கும் நேரத்தைக் காசாக்கிய நிர்வாகத்தை நாம் மெச்சுகிறோம்.

அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படைகள் ஜலசந்தியைக் கடந்து, 9-ம் தேதி இரவு கிராஞ்சிக் கரையிலும் இறங்கின. ஆறே நாளில், 15-ம் தேதி, சிங்கப்பூர் சரணடைந்தது. உத்துசான் நின்றது. அதன் அச்சு யந்திரங்களை ஜப்பானியர் தங்கள் மலாய்ப் பத்திரிகைக்கு எடுத்துக்கொண்டார்கள். காஜாய் அவர்கள் 1943-ல் காலமானார்கள். மூன்றரை ஆண்டுகள் வாழைமர நோட்டில் வியாபாரம் செய்த பெரியவர்களின் கதைகளை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பெட்டி நிறையப் பணம் இருந்தது. ஒரு விடியற்காலையில் அது வெறும் காகிதமாயிற்று. உத்துசானோ 1945 செப்டம்பரிலேயே மீண்டும் வெளிவந்தது. யந்திரத்தைப் பிறர் பிடுங்கிக்கொள்ளலாம். அந்தப் பத்திரிகைக்குப் பழகிப்போன வாசகரை அவர்களால் எடுத்துப் போக முடியவில்லை.

யுத்தத்துக்குப் பிந்திய பத்து ஆண்டுகளே உத்துசானின் பொற்காலம் என்று சொல்லலாம். 1946-ல் மலாயன் யூனியன் திட்டத்தை மலாய்க்காரர்கள் எதிர்த்து எழுந்தபோது அந்தக் குரலை வீடு வீடாகக் கொண்டு போனது அது. யூசுப் அவர்கள் அரசாங்கத்துக்கும் வளைந்து கொடுக்கவில்லை. கட்சித் தலைவர்களுக்கும் வளைந்து கொடுக்கவில்லை. அவசரகாலச் சட்டத்தின் கீழ் 1951-ல் அப்பத்திரிகையின் சமது இஸ்மாயில் அவர்களைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். அந்நாளில் பத்திரிகைக்குச் சட்ட ஆலோசகராக இருந்தவர் லீ குவான் யூ என்ற இளம் வக்கீல். பின்னாளில் நாட்டின் பிரதமரும் அதிபருமாக நின்ற இருவரின் பழக்கம் இப்படிக் கட்சிக்காரரும் வக்கீலுமாகத் தொடங்கியது. யூசுப் அவர்கள் 1949-ல் நூர் ஆயிஷா அம்மையார் அவர்களை நிக்காஹ் செய்துகொண்டதையும் இங்கே குறிக்க வேண்டும். அம்மையார் அவர்கள் 2025 ஏப்ரலில்தான், 91-வது வயதில், காலமானார்கள்.

இப்போது நாம் இக்கதையின் கடினமான பாகத்துக்கு வருகிறோம்.

1957-ல் மலாயா சுதந்திரம் பெற்றது. வாசகர்களில் பெரும்பாலோர் கடற்பாலத்துக்கு அப்பால்தான் இருந்தார்கள். ஆட்சியும் கோலாலம்பூருக்குப் போய்விட்டது. சரக்கு எங்கே விற்கிறதோ அங்கே கிட்டங்கியைக் கொண்டு போவதுதானே வியாபாரம்? யூசுப் அவர்களும் கோலாலம்பூருக்குப் போனார்கள். 1958-ல் பத்திரிகையும் அங்கே மாறியது. ஆனால் அங்கே ஆளும் கட்சியான அம்னோ, மலாய்க்காரர்களின் முதல் பத்திரிகை தன் பக்கம் நிற்க வேண்டும் என்று விரும்பியது. யூசுப் அவர்கள் இணங்கவில்லை. பத்திரிகையை மூடு என்று யாரும் உத்தரவிடவில்லை. யாரையும் சிறையில் போடவும் இல்லை. பங்குகள் கைமாறின, அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தால் இதில்தான் விஷயம் இருக்கிறது. சிறிய மனிதர்களின் பங்குகளால் எழுந்த கம்பெனி அது. ஒரே தனவந்தரின் பிடியில் சிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்தார்கள். ஆனால் பங்கு என்பது விற்கவும் வாங்கவும் கூடிய சரக்கு. டாக்சிக்காரருக்கு மகள் கல்யாணம் வரும்; விவசாயிக்கு வெள்ளத்தில் பயிர் போகும்; பங்குக்காரர் காலமானால் வாரிசுகள் அதை ரொக்கமாக்கப் பார்ப்பார்கள். நல்ல விலைக்கு ஒருவர் கேட்டால் கொடுக்காமல் இருக்க அவர்களுக்கு என்ன கடமை? சிதறிக் கிடக்கும் பங்குகளைச் சேர்க்கப் பொறுமையும் பணமும் உள்ள ஒரு கை போதும். எந்தத் திறந்த சந்தையின் வழியாக ஏழைகள் முதலாளிகளானார்களோ, அதே சந்தையின் வழியாகவே கம்பெனி அவர்களிடமிருந்து போகவும் செய்யும். பங்குகளைப் பொறுப்பாளர்கள் கூட்டம் ஒன்றின் கையில் பிரிக்க முடியாத சொத்தாக வைத்திருந்தால் இது நேர்ந்திராது என்று இன்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். அப்படி வைத்திருந்தால் அந்த ஏழைகள் முதலில் பணம் போட்டிருப்பார்களா என்பதையும் கேட்க வேண்டும். இதற்கு நம்மிடம் முடிவான பதில் இல்லை. நம் கூட்டுக் கடைகளிலும் மூன்றாம் தலைமுறையில் இதே சங்கடம்தான் வருகிறது. பணம் போட்டவரின் பேரன் டாக்டராக இருக்கிறார்; அவருக்குக் கடை வேண்டாம், பங்குப் பணம் வேண்டும். கடையில் உட்கார்ந்திருப்பவரின் பேரனுக்கோ கடைதான் வேண்டும்.

1959-ல் யூசுப் அவர்கள் தம் பங்குகளை விற்றுவிட்டு, 20 ஆண்டுகளுக்கு முன் தாமே தொடங்கிய பத்திரிகையை விட்டு வெளியேறினார்கள். வயது 48. சண்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். அல்லது இணங்கிப் போய்ப் பதவியும் பணமும் பெற்றிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. தோல்வி என்று சிலர் இதைச் சொல்வார்கள். கணக்கை நேராக முடித்துக்கொண்டு வெளியேறத் தெரிந்த வியாபாரிகள் குறைவு என்பது நம் அபிப்பிராயம். பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். 1961 ஜூலையில், கட்சியின் ஆதிக்கம் கூடாது என்று உத்துசான் ஊழியர்கள் ஆசிரியர் செய்யது ஜஹாரி அவர்கள் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்று மாதம் நின்று, முறிந்தது. பத்திரிகை கட்சியின் கைக்கே போயிற்று. கட்சி பதவி இழந்த மறு ஆண்டு, 2019 அக்டோபரில், பணமுடையால் அந்தக் கம்பெனி கதவடைத்தது. பிறகு வேறு உரிமையாளரின் கீழ் 2020-ல் பத்திரிகை மீண்டும் வெளிவந்தது.

சிங்கப்பூருக்குத் திரும்பிய யூசுப் அவர்களை, சுயாட்சி பெற்ற புதிய அரசாங்கம் அரசாங்கச் சேவை ஆணையத்தின் தலைவராக்கியது. யாருக்கு அரசாங்க உத்தியோகம், யாருக்கு உயர்வு என்று தீர்மானிக்கும் இடம் அது. நாற்காலி கிடைக்காத ஆண்டில் பள்ளியை விட்டு வெளிவந்தவரிடமே, நாற்காலிகளுக்கு ஆள் எடுக்கும் வேலை வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரர்கள் வெளியேறிக்கொண்டிருந்த காலம். நாட்டுப் பிள்ளைகள் அந்த இடங்களுக்கு வரவேண்டிய காலம். தகுதியைப் பார்த்து எடுப்பதா, இனத்தைப் பார்த்து எடுப்பதா, சிபாரிசைப் பார்த்து எடுப்பதா என்பது சில நூறு குமாஸ்தா வேலைகளோடு முடிகிற கேள்வியல்ல. நம் பிள்ளைகள் கடையை விட்டுப் படிப்புக்குப் போகத் துணிந்ததே, தகுதி இருந்தால் இடம் உண்டு என்ற நம்பிக்கையால்தான். அவர்கள் அப்பதவியில் சில மாதங்களே இருந்தார்கள்.

1959 டிசம்பர் 3-ல் அவர்கள் யாங் டி பெர்த்துவான் நெகாரா ஆனார்கள். மலாயாவில் பிறந்த ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை. சிங்கப்பூரின் கொடியையும் தேசிய கீதத்தையும் மக்கள் முன்னிலையில் அறிமுகப்படுத்தியதும் அன்றுதான். இஸ்தானா மாளிகையில் குடியிருக்காமல், அதே தோட்டத்திலிருந்த ஸ்ரீ மெலாத்தி என்ற பங்களாவில் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். ஆர்க்கிட் பூச்செடி வளர்ப்பதில் அவர்களுக்குப் பெரும் பிரியம். மூத்த மகளின் பெயரிலும் அந்தப் பூவின் பெயர் உண்டு.

1964 ஜூலை 21-ல் மீலாது ஊர்வலத்தில் தொடங்கிய கலவரமும், செப்டம்பரில் மூண்ட இன்னொன்றும் 36 உயிர்களைக் கொண்டு போயின. ஊரடங்கில் கடைகள் அடைபட்டுக் கிடந்தன. வாடிக்கையாளரும் கடைக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். மலாய்க்காரர்களின் பத்திரிகை என்று தொடங்கியவர்கள், அந்நாட்களில் எல்லா இனத்தாரும் வாழும் தொகுதிகளுக்குப் போய் மக்களைச் சந்தித்து அச்சம் தெளிவித்தார்கள். தம் இனம் எழுந்து நிற்க வேண்டும் என்பதற்கும், மற்ற இனம் உட்கார வேண்டும் என்பதற்கும் உள்ள தூரத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

1965 ஆகஸ்டு 9-ல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. யூசுப் அவர்கள் முதல் அதிபரானார்கள். கடற்பாலத்தின் அப்பக்கம் வேறு நாடு. மலேசியாவோடு பொதுச் சந்தை அமையும் என்ற எதிர்பார்ப்பு போயிற்று. 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் படைகள் வெளியேறும் என்ற அறிவிப்பு வந்தது. நாட்டின் வருமானத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அப்படைத் தளங்களைச் சார்ந்திருந்தது. செம்பவாங் கப்பல் தளத்தில் வேலை பார்த்த இந்தியர்கள் எத்தனையோ பேர். அவர்களை நம்பி நடந்த கடைகளும் அதிகம். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி பெற வேண்டும் என்ற சட்டமும் சேர்ந்துகொள்ள, இங்கே ஆயுளைக் கழித்த பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அன்று கப்பலேறியவர்களின் உறவினர்கள் நமது சங்கத்திலும் இருக்கிறார்கள். 1961-ல் அமைந்த பொருளாதார வளர்ச்சிக் கழகம் வெளிநாட்டு முதலாளிகளைத் தேடிக் கொண்டுவந்து ஜூரோங் சதுப்பு நிலத்தில் தொழிற்சாலைகளை எழுப்பியது. அந்தக் காரியங்களைச் செய்தவர்கள் மந்திரிகள். அதிபர் பதவிக்கு அதில் நேரடிப் பங்கில்லை. ஆனால் படிப்பும் உழைப்புமே சாதாரணக் குடும்பத்தை உயர்த்தும் என்று, முக்கியமாக மலாய்ச் சமூகத்தாரிடம், அவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார்கள்.

உடல் நலம் குன்றியிருந்த அவர்கள், 1970 நவம்பர் 23-ல், பதவியில் இருக்கும்போதே, இருதயம் செயலிழந்து வபாத்தானார்கள். வயது 60. ஜனாஸாவைக் கிராஞ்சி அரசாங்க மையவாடியில் அடக்கம் செய்தார்கள். 1981-ல் காலமான இரண்டாவது அதிபர் ஷியர்ஸ் அவர்களுக்கும் அங்கேயே இடம். 2017-ல் உட்லண்ட்ஸில் யூசுப் இஸ்ஹாக் பள்ளிவாசல் திறக்கப்பட்டது.

கையில் 2 வெள்ளி நோட்டு இருந்தால் வாசகர்கள் அதைத் திருப்பிப் பார்க்கலாம். பின்பக்கத்தில் மூன்று பழைய கட்டடங்கள் தெரியும். ஒன்று மருத்துவக் கல்லூரி. மற்ற இரண்டும் அவர்கள் படித்த விக்டோரியா பிரிட்ஜ் பள்ளியும் ராபிள்ஸ் இன்ஸ்டிடியூஷனும். ராபிள்ஸ் பள்ளி 1972-ல் பிராஸ் பாஸா சாலையை விட்டுக் குடிபெயர்ந்தது. அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். 1986 முதல் அவ்விடத்தில் நிற்பது ராபிள்ஸ் சிட்டி என்னும் பெரிய வியாபார மாளிகை.